அரைப் பேர்

நான் உரைபெயர்ப்பாளன். சத்தியம் செய்தவன்:
சொன்னதைச் சொல்வேன், கூட்டேன், குறைக்கேன்.
நுவரெலியா மாவட்ட நீதிமன்றம்.
ஜன்னல் கண்ணாடியில் பனி
நெற்றியை வைத்து நின்ற காலை.

முழுப் பெயர்?
பெரியண்ணன் யோகமலர்.
தொழில்?
கொழுந்து.
கொழுந்து பறிப்பது என்று நான் நிரப்பினேன்.
சத்தியம் அங்கேயே விரிசல் கண்டது.

தலவாக்கலையில் பள்ளிப் பிள்ளைகள் மஞ்சள் கோட்டைக் கடக்க
த்ரீவீல் நின்றிருக்கிறது.
பின்னால் வந்த வேன் நிற்கவில்லை.
அதில் தகராறில்லை, அவர்களே ஒப்புக்கொண்டார்கள்.
தகராறெல்லாம் கழுத்தில்.

காப்புறுதிச் சட்டத்தரணி நல்ல மனிதர்,
எனக்கும் ஒரு பிளேன்டீ வாங்கித் தந்தவர்.
படமொன்றை நீட்டினார்: வேனின் பம்பர்,
நகக்கீறல் அளவில் ஒரு கோடு.
இந்தக் கோடா உங்கள் கழுத்தை உடைத்தது?
"உடையல சார். உடைஞ்சிருந்தா எக்ஸ்ரேல தெரிஞ்சிருக்கும்,
நீங்களும் இத்தனை கேக்க மாட்டீங்க."
அதைச் சிங்களத்தில் சொன்னபோது
நீதிபதியின் பேனா ஒரு கணம் தாளை விட்டு எழும்பியது.

எப்படி வலிக்கிறது?
"விடியக்காலம் கடுப்பு. மலை ஏறினா குத்து.
மத்தியானத்துக்கு மேல விண்ணு விண்ணுனு தெறிக்கும்.
ராத்திரிக்குக் குடைச்சல். மழைக்கு உளைச்சல்."
என் பையைத் துழாவினேன்.
கெக்கும இருந்தது, ரிதும இருந்தது.
ஐந்தாய்ப் புறப்பட்ட வலி
பதிவேட்டில் இரண்டாய் இறங்கியது.
மிச்சம் மூன்றும் இன்னும் என்னிடம்தான்.
உரிமை கோரி யாரும் வரவில்லை.

விபத்து திங்கள். ஆஸ்பத்திரிக்குப் போனது வியாழன். ஏன்?
"செவ்வாயும் புதனும் பேர் விழணும் சார்."

பதினெட்டு வருடம் உங்கள் தலைக்கயிற்றில்
கூடை தொங்கியிருக்கிறது.
எலும்பு தேய்ந்தது கூடையாலா, வேனாலா?
பழைய வலிக்குப் புதுச் சட்டை போட்டிருக்கிறீர்கள், அல்லவா?

அவள் யோசித்தாள். அவசரப்படவில்லை.
"கூடைக் கனம் சொல்லிட்டு வரும் சார்.
ஒரு கைப்பிடி, அப்புறம் ஒரு கைப்பிடி,
ஒவ்வொண்ணுக்கும் கழுத்து எழும்பி எடம் குடுக்கும்.
இது சொல்லாம வந்துச்சு."

நட்டத்தை நிரூபிக்கத் தோட்டத்து செக்ரோல் வந்திருந்தது,
ரப்பர் வளையம் போட்டு, தூள் மணத்தோடு.
கணக்கப்பிள்ளை ஜெயசீலன் கூண்டேறி வாசித்தார்:
மார்ச் வரை பத்தொன்பது கிலோ, இருபத்தொன்று, பதினெட்டு.
பிறகு பதினொன்று. ஒன்பது. பன்னிரண்டு. ஒன்பது.
எதிரே அரை, அரை, அரை, அரை.
குறைத்து எழுதுகிறாரென்று
அவள் வாய்ச்சண்டை போட்ட அதே புத்தகம்,
தராசில் தண்ணிக் கழிவு பிடித்த அதே கை,
அன்று அவளுக்குச் சாட்சி.

அரை என்றால்? கேட்டார் நீதிபதி.
அரை நாள் சம்பளம், ஐயா.
பிழையில்லாத பெயர்ப்பு.
தோட்டத்தில் அதை அரைப் பேர் என்பார்கள்.
முழுப் பெயர் கேட்டு எழுதிய மன்றத்தில்
அதை மட்டும் விழுங்கிவிட்டேன்.

எதிர்த்தரப்பு வைத்தியர் வரவில்லை. ஜூன் பதினேழுக்கு ஒத்திவைப்பு.

நடைக்கூடத்தில் யாரோ பின்னாலிருந்து
"ஏ யோகம்" என்றார்கள்.
அவள் முதலில் ஒரு காலைத் திருப்பினாள்,
பிறகு மற்றக் காலை, பிறகு இடுப்பு, தோள்,
ஒடுங்கிய லயத்துக் காம்பராவில்
அலுமாரியை நகர்த்துவதுபோல.
கழுத்து கடைசிவரை நேராகவே வந்து சேர்ந்தது.

சட்டத்தரணி கீழே கார்க் கதவைத் திறந்துகொண்டிருந்தார்.
நீதிபதி சாப்பாட்டுக்குப் போயிருந்தார்.
பார்த்தவன் நான் ஒருவன்.
என் சத்தியத்தில்
பார்த்ததற்கு ஒரு வரியும் இல்லை.